ஆணிவாயரின் நாக்கு

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. அது கடைப் பலகையிலும் அடையாள அட்டையிலும் சும்மா கிடந்தது. தெருவுக்கு அவர் ஆணிவாயர். சோபாவுக்கும் நாற்காலிக்கும் பழைய துணியைப் பிரித்துப் புதுத்துணி போட்டுக் கொடுப்பது தொழில். காலையில் கடையைத் திறந்ததும் தகர டப்பாவிலிருந்து குட்டிக் கறுப்பு ஆணிகளை ஒரு பிடி அள்ளி வாயில் போட்டுக்கொள்வார். இடது கை துணியை இழுத்துப் பிடித்திருக்கும், வலது கையில் காந்தம் வைத்த சுத்தியல். நாக்கு உள்ளுக்குள்ளேயே ஓர் ஆணியைப் புரட்டி, தலைப்பக்கத்தை உதட்டுக்குத் தள்ளும். சுத்தியல் வந்து அதைக் கவ்விக்கொண்டு போய் மரத்தில் ஒரே போடு. அடுத்தது. முப்பத்தொரு வருஷமாக இதுதான். ஓர் ஆணியைக்கூட விழுங்கியதில்லை. தும்மல் வந்தால் தும்மலைத்தான் விழுங்குவார்.

பக்கத்துத் தையல் இயந்திரத்தில் அவருடைய மனைவி. உறை தைப்பது அவள் வேலை. பேசுவதும் அவள் வேலைதான், ஏனென்றால் வாயில் நாற்பது ஆணியை வைத்துக்கொண்டு அந்த மனுஷன் என்ன பேச முடியும்? அவர் சொல்வதெல்லாம் ஒரு 'ம்'. அந்த ஒரு 'ம்'மிலேயே அவள் குடும்பம் நடத்தினாள். வெட்டென்று சொன்னால் ஆமாம். இரண்டு தடவை சொன்னால் வேண்டாம். மூக்கால் நீட்டினால் தண்ணீர். இடுப்பில் கையை வைத்துக்கொண்டு சொன்னால் மாத்திரை.

மாத்திரை என்றால் முதுகுவலிக்கு. நாள் முழுக்கக் குனிந்து நிற்கிற தொழிலில் முதுகு சும்மா விடுமா? தெருமுனை மருந்துக் கடையில் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் கேட்டு வாங்கினாள். வலி கேட்டது. அப்புறம் அதே மாத்திரைதான். கடைக்காரர் அவள் தலையைக் கண்டதுமே ஓர் அட்டையை எடுத்து வைத்துவிடுவார். அவள் அதைத் தையல் இயந்திரத்தின் இழுப்பறையில், பாபினுக்கும் நூல்கண்டுக்கும் நடுவில் போட்டு வைத்திருந்தாள். இடுப்பைத் தொட்டு 'ம்' என்றால் இழுப்பறை திறக்கும். நாளுக்கு ஒன்று, வேலை அதிகமான நாளில் இரண்டு, கல்யாண மண்டபத்துக்கு நாற்காலி தைத்த மாதத்தில் மூன்று. நூலும் ஊசியும் மாதிரி அதுவும் கடைச் சாமான்களில் ஒன்றாகிப்போனது.

ஒரு நாள் மத்தியானம் சாப்பாட்டில் கை வைத்தவர், இரண்டு வாய் தின்றுவிட்டுத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். என்னவென்று கேட்டாள். ஒரே இரும்பு வாடையாக இருக்கிறது, சட்டியை மாற்றினாயா என்றார்.

அவளுக்குச் சுருக்கென்றது. கல்யாணமான நாளிலிருந்து சமையலைப் பற்றி நல்லதாகவும் ஒரு சொல் கிடையாது, கெட்டதாகவும் ஒரு சொல் கிடையாது. மனுஷன் திடீரென்று வாயைத் திறந்தால் இது. அவருடைய அக்கா மட்டும்தான் எப்போதோ ஒருமுறை, உன் கைக்கு ருசி வரவே வராது என்று முகத்துக்கு நேரே சொல்லியிருந்தாள். அந்தப் பழைய கணக்கையும் சேர்த்துக்கொண்டு, அப்படியென்றால் உங்கள் அக்கா வீட்டுக்கே போய்ச் சாப்பிடுங்கள், தேனாக இனிக்கும் என்று வெடுக்கென்று சொல்லிவிட்டாள். சொன்னாலும் மனது கேட்கவில்லை. அவர் கடைக்குப் போனதும் அதே தட்டிலிருந்து எடுத்துத் தின்று பார்த்தாள். இரும்பும் இல்லை, துரும்பும் இல்லை.

இருந்தும் சட்டியை மாற்றினாள். எண்ணெயை மாற்றினாள். குழாயில் துரு இருக்கிறதோ என்று மூன்று வீடு தள்ளிப் போய்த் தண்ணீர் பிடித்து வந்தாள். உப்பு மாறியது, கரண்டி மாறியது. அவர் ஒவ்வொரு தடவையும் தின்று பார்த்துவிட்டு, தப்பு செய்தவர் போல, இன்னும் இரும்பு இருக்கிறது என்று தலையை ஆட்டினார். மீன் என்றால் உயிரை விடுகிறவர், மீன் வாசனை வந்தாலே எழுந்து வாசலுக்குப் போனார். அவளுக்குக் கோபம் போய்ப் பயம் வந்தது. பயம் வந்ததும் மூளை வேலை செய்தது என்று அவளே நினைத்துக்கொண்டாள், ஏனென்றால் அப்போதுதான் கண்ணெதிரில் இருந்தது கண்ணில் பட்டது. ஆணி.

இவ்வளவு நாளாக இது தோன்றாமல் போயிற்றே என்று தலையில் அடித்துக்கொண்டாள். நாள் முழுக்க இரும்பை வாயில் ஊறப்போட்டால் இரும்பு ருசி வராமல் சர்க்கரைப் பாகு ருசியா வரும்? அவர் மட்டும் ஒன்று கேட்டார்.

"முப்பது வருஷமா வராதது இப்ப எதுக்கு வரணும்?"

நல்ல கேள்வி. அன்றைக்கே யாராவது ஒருத்தர் உட்கார்ந்து அதை யோசித்திருக்கலாம். ஆனால் அவளுக்குக் காரணம் கிடைத்துவிட்ட சந்தோஷம். கிடைத்ததைப் பிடுங்க வந்த கேள்வியை அவள் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. வயசானால் எல்லாம் வரும் என்று முடித்துவிட்டு, ஆணி டப்பாவைத் தன் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நகர்த்தி வைத்தாள். வேண்டுமென்றால் ஒவ்வொன்றாகக் கையால் எடுத்துக்கொள்ளட்டும்.

பாவம், திணறித்தான் போனார். நாக்குக்குத் தெரிந்தது விரலுக்குத் தெரியவில்லை. ஆணி வழுக்கியது, விரலில் அடி விழுந்தது, ஒரு நாளில் முடிகிற நாற்காலி மூன்று நாள் எடுத்தது. ஆனால் ஒன்று நடந்தது. வாய் காலியாக இருந்ததால் மனுஷன் பேச ஆரம்பித்தார்.

அடேயப்பா, உள்ளே எவ்வளவு இருந்திருக்கிறது! கடைச் சுவரின் நீலம் தனக்குப் பிடிக்கவே இல்லை என்றார். இருபது வருஷத்துக்கு முன்னால் இந்த நிறம் சரியா என்று அவள் கேட்டதற்கு அவர் சொன்னது இரண்டு 'ம்'மாம். பக்கத்தில் வண்டி போன சத்தத்தில் அவளுக்கு ஒன்றுதான் விழுந்ததாம். மகள் பிறந்த அன்றைக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார முடியாமல், அங்கே கிழிந்து தொங்கிய பெஞ்சின் உறையைச் செருப்பாலேயே ஆணியடித்துச் சரிசெய்ததைச் சொன்னார். நர்ஸ் வந்து பெண் குழந்தை என்றபோதும் கையில் செருப்போடுதான் நின்றாராம். இயந்திரத்தை நிறுத்திவிட்டு அவள் சிரித்தாள். அந்தப் பத்துப் பதினைந்து நாள் மாதிரி அவர்கள் வாழ்க்கையில் முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை. உங்களுக்கு இவ்வளவு பேசத் தெரியுமா என்று அவள் கேட்டதற்கு, நீ இடம் கொடுத்தால்தானே என்றார்.

ஆனால் இரும்பு போகவில்லை.

மகள் கல்யாணமாகி நகரத்தின் மறுகோடியில் இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை வந்தவளிடம் விஷயத்தைச் சொன்னதும், போனை எடுத்து வாசிக்க ஆரம்பித்தாள். இந்த ருசிக்குக் காரணம் ஒன்றா இரண்டா! பல் சொத்தை, ஈறு வீக்கம், மூக்கடைப்பு, சில மருந்துகள், சத்து மாத்திரைகள், நெஞ்செரிச்சல், கர்ப்பம். கர்ப்பம் என்றதும் அவர், அதுவாக இருந்தால் முதலில் உன் அத்தைக்குச் சொல்லிவிடு, சந்தோஷப்படுவாள் என்றார். மூன்று பேரும் சிரித்தார்கள். மகள் சிரித்துக்கொண்டே பட்டியலை விரலால் தள்ளி, சிறுநீரகக் கோளாறு என்று அடுத்ததை வாசித்தாள்.

"போதும், நிறுத்து," என்றாள் அம்மா. "நல்ல நாளும் அதுவுமா எதையாவது வாசிச்சுக்கிட்டு. பல்லாத்தான் இருக்கும்."

மகள் போனை வைத்துவிட்டாள். பல் என்றால் பிடுங்கிவிடலாம், அடைக்கலாம், யாரும் பயப்பட வேண்டியதில்லை. கையில் கிடைத்த காரணங்களில் சின்னதாக ஒன்றைத்தான் அவர்கள் பொறுக்கிக்கொண்டார்கள்.

பல் டாக்டர் வாயைத் திறந்து பார்த்துவிட்டு, ஆணி தேய்த்துத் தேய்த்து முன்பல்லில் விழுந்திருந்த பள்ளத்தைத் தன் உதவியாளரைக் கூப்பிட்டுக் காட்டினார். ஈறு வீங்கியிருக்கிறது என்று சுத்தம் செய்து, ஒரு வாரத்துக்கு மாத்திரையும் கொடுத்தார். இந்த மாத்திரையே வாயில் உலோக ருசியைக் கொண்டுவரும், பயப்படாதீர்கள் என்றும் சொன்னார். அந்த ஒரு வாரம் இருவருக்கும் நிம்மதியான வாரம். வாய் முன்னைவிட மோசமாக இருந்தது. அது மாத்திரையின் வேலை என்று தெரிந்ததால் கவலையே இல்லை. மாத்திரை முடிந்தது. இரும்பு முடியவில்லை.

அடுத்து வயிற்று டாக்டர். அமிலம் மேலே ஏறினால் வாய் இப்படி ஆகும் என்று சொல்லிவிட்டு, வேறு ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று கேட்டார்.

"மாத்திரையே தொடறதில்ல டாக்டர்," என்றார் அவர்.

அவளும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு ஆமாம் என்று தலையாட்டினாள். சத்தியமாக இருவருமே பொய் சொல்லவில்லை. மாத்திரை என்றால் டாக்டர் எழுதிக் கொடுப்பது, சர்க்கரைக்கும் இதயத்துக்கும் சாப்பிடுவது. இழுப்பறையில் பாபினோடு கிடப்பதை யாராவது மாத்திரை என்று எண்ணுவார்களா?

அதற்குப் பிறகு எல்லாம் ஒவ்வொன்றாக வந்தது. உடம்பு அரித்தது, நுரைப்பஞ்சுத் தூசி என்றாள். காலையில் பல் துலக்கும்போது குமட்டியது. வயிற்று மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்றாள். ஒரு நாள் செருப்பின் வார் காலுக்குள் ஏறவில்லை. செருப்பு சுருங்கிவிட்டது என்று சொல்ல அவளுக்கே வாய் வரவில்லை. குனிந்து அவருடைய காலை விரலால் அழுத்திப் பார்த்தாள். குழி விழுந்தது, விழுந்த குழி அப்படியே நின்றது. எத்தனையோ வருஷமாகப் பஞ்சை அழுத்திப் பார்க்கிற கை அது. நல்ல பஞ்சு மேலே வரும், கெட்டுப்போனது வராது. உடனே மகளுக்குப் போன் போட்டாள்.

மகள் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். ரத்தம் எடுத்தார்கள், சிறுநீர் கேட்டார்கள், கையில் பட்டை கட்டி ரத்த அழுத்தம் பார்த்த நர்ஸ் இன்னொரு தடவை பார்த்தாள். மர பெஞ்சில் மூன்று மணி நேரம் காத்திருந்ததில் அவருக்கு முதுகு பிடித்துக்கொண்டது. இடுப்பில் கையை வைத்தார். அவள் பையைத் திறந்தாள்.

டாக்டர் ஒரு பெண், மகளைவிட நாலைந்து வயது மூத்தவளாக இருப்பாள். காகிதங்களைப் பார்த்துவிட்டு, இவ்வளவு நாள் எங்கே போயிருந்தீர்கள் என்று கோபமில்லாமல் கேட்டாள். பல் என்று நினைத்தோம், ஆணி என்று நினைத்தோம் என்று அம்மா கதையைத் தொடங்கினாள். டாக்டர் நடுவில் கையைத் தூக்கினாள்.

"இது ஆணியோட ருசி இல்லம்மா. ரெண்டு சிறுநீரகமும் வேலை செய்யல. வெளிய போக வேண்டியதெல்லாம் ரத்தத்துலயே தேங்கிடுச்சு. அதுதான் நாக்குல தெரியுது." பிறகு கேட்டாள்: "வலி மாத்திரை ஏதாவது சாப்பிடுவாரா?"

அவளுடைய பை மடியில்தான் இருந்தது. அந்தப் பையின் வாய் இன்னும் மூடாமல் இருந்தது. வெள்ளி அட்டையின் ஒரு முனை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது, அரைமணிக்கு முன்னால் கிள்ளிக் கொடுத்த இடம் காலியாகத் தெரிந்தது. அவள் அதை எடுத்து மேசைமேல் வைத்தாள். எத்தனை நாளாக என்று டாக்டர் கேட்டாள். நாளா? மகள்தான், நான் பள்ளிக்கூடத்தில் படித்த காலத்திலிருந்தே பார்த்திருக்கிறேன் என்றாள்.

இதனால்தானா என்று அம்மா கேட்டாள். ஆமாம் என்று சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். மாரில் அடித்துக்கொண்டு அழுது தீர்த்திருப்பாள். டாக்டர் அப்படிச் சொல்லவில்லை. ரத்தக் கொதிப்பு பல வருஷமாக இருந்திருக்கிறது, யாரும் பார்க்கவில்லை. அதனாலும் இருக்கலாம், மாத்திரையாலும் இருக்கலாம், இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம், இனிமேல் பிரித்துச் சொல்ல முடியாது என்றாள். வாரத்துக்கு மூன்று நாள் இயந்திரத்தில் ரத்தத்தைச் சுத்தம் செய்ய வேண்டும். எத்தனை மாதத்துக்கு என்று மகள் கேட்டாள். டாக்டர் அவளைப் பார்த்துவிட்டு, மாதக் கணக்கு இல்லை என்றாள்.

எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த அவர் மெதுவாக ஒன்று கேட்டார்.

"அப்போ, ஆணி வாயில போட்டுக்கலாமா?"

டாக்டருக்குப் புரியவில்லை. மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அன்றைக்குச் சாயங்காலம் அவள் நேரே தெருமுனை மருந்துக் கடைக்குப் போனாள். நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிட வேண்டும், தெருவே கூடினாலும் சரி என்றுதான் போனாள். கடைக்காரர் அவளைக் கண்டதும் வழக்கம்போல ஓர் அட்டையை எடுத்து மேசைமேல் வைத்தார். அவள் விஷயத்தைச் சொன்னாள். அந்த மனுஷனுக்கு முகம் வெளுத்துப்போயிற்று. அட்டையை மெல்லத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"நீங்க கேட்டீங்க, நான் குடுத்தேன்க்கா," என்றார்.

இதையேதான் அவளும் சொல்ல முடியும். அவர் கேட்டார், நான் கொடுத்தேன். திட்டுவதற்கென்று மிச்சமிருந்த ஓர் ஆளையும் விட்டுவிட்டு வீட்டுக்குத் திரும்பி நடந்தாள்.

இயந்திரம் இருக்கிற வார்டில் வரிசையாகச் சாய்வு நாற்காலிகள். முதல் நாள் அவர் கழுத்தில் குழாய் செருகியபோது அவளை வெளியே நிற்கச் சொன்னார்கள். கதவின் கண்ணாடி வழியாகப் பார்த்தாள். குழாயில் அவருடைய ரத்தம் வெளியே போய்ச் சுற்றித் திரும்பி வந்துகொண்டிருந்தது. அவர் அதைப் பார்க்கவில்லை. நாற்காலிக் கையில் ரெக்சின் கிழிந்திருந்த ஓரத்தை விரலால் தடவித் தடவி, உள்ளே என்ன பஞ்சு வைத்திருக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தார். நாலு மணி நேரம் அவளுக்குச் செய்ய ஒன்றுமில்லை. பேச ஆள் இல்லை, தைக்கத் துணி இல்லை. கை இரண்டும் மடியில் கிடந்தன.

சாப்பாட்டுக்கென்று ஒரு தாள் கொடுத்தார்கள். உப்பு கிட்டத்தட்டக் கிடையாது. காய்கறியை வேகவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். குடிக்கிற தண்ணீருக்கும் அளவு. அவள் அந்தத் தாளை அடுப்புக்கு மேலே சுவரில் அவருடைய ஆணி நான்கை வைத்தே அடித்தாள். உப்பு ஜாடியைக் கொண்டுபோய்த் தையல் இயந்திரத்தின் இழுப்பறையில், அட்டைகள் இருந்த இடத்தில் வைத்துப் பூட்டினாள். அவளுடைய சாப்பாட்டிலும் உப்பு இல்லை. சமைத்ததை இறக்குவதற்கு முன்னால் ருசி பார்க்கும் பழக்கத்தையே விட்டுவிட்டாள். பார்த்து என்ன ஆகப்போகிறது? அவர் எதைப் போட்டாலும் இரும்பு என்று பாதியில் வைப்பார். அதிலும் ஒரு வசதி இருந்தது. இரும்பு மட்டுமே தெரிகிற நாக்குக்கு உப்பில்லாதது தெரியாது.

நாலாவது தடவை இயந்திரத்தில் படுத்து வந்த மறுநாள் மத்தியானம். கால் வீக்கம் பாதி வடிந்திருந்தது. காலையில் கடையில் போய்ச் சும்மா உட்கார்ந்திருந்துவிட்டு வந்தார். அவள் தட்டை வைத்தாள். கொஞ்சம் சோறு, தண்ணீர் கொட்டிய காய், சின்னத் துண்டு மீன். அவர் ஒரு வாய் வைத்தார். மென்றார். நிறுத்தினார். நாக்கை வாய்க்குள்ளே சுழற்றினார், ஆணி தேடுகிற மாதிரி. இன்னொரு வாய் வைத்துப் பார்த்தார்.

"ஏய், இங்க பாரு," என்றார். "இரும்பு போயிடுச்சு."

அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. நன்றாகப் பார்த்துச் சொல்லுங்கள் என்றாள். அவர் மீனைப் பிட்டு வாயில் போட்டு, கண்ணை மூடி மென்று, போயே போய்விட்டது, சோறு சோறாகவே இருக்கிறது, மீன் மீனாக இருக்கிறது என்றார். எட்டு மாதம். சட்டியும் எண்ணெயும் தண்ணீரும் மாற்றி, வேண்டாத தெய்வத்தையெல்லாம் வேண்டி, அவள் காத்திருந்தது இந்த ஒரு சொல்லுக்குத்தான். அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. சந்தோஷத்தில் அவர் தட்டின் எதிரிலேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அவர் இன்னும் ஒரு வாய் தின்றார். பிறகு நிமிர்ந்து பார்த்தார்.

"உப்பு போட மறந்துட்டியா?"

அவள் சுவரில் இருந்த தாளைக் காட்டினாள். அவர் அதை எழுத்தெழுத்தாகப் படித்தார். தட்டைப் பார்த்தார். கேட்கலாமா கூடாதா என்று பள்ளிக்கூடப் பிள்ளை போலச் சோற்றை விரலால் தள்ளிக்கொண்டிருந்தார்.

"ஒரு சிட்டிகை. இன்னிக்கு மட்டும். எவ்வளவு நாள் கழிச்சு வாய்க்கு ருசி வந்திருக்கு."

இடுப்பில் செருகியிருந்த இழுப்பறைச் சாவிமேல் அவள் கை தானாகவே போயிருந்தது. அதைத் தெரிந்துகொண்டதும் இன்னொரு கையால் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கேக்காதீங்க," என்றாள். "கேட்டா குடுத்துடுவேன்."

அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். நீலச் சுவரைப் பற்றியும் செருப்பால் ஆணியடித்ததைப் பற்றியும் அவ்வளவு பேசிய மனுஷன், தட்டைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார்.

"ம்," என்றார். வாயில் ஆணி இல்லை.